வீட்டிலேயே ரைஃபிள் பூட்டலாமா? என்ன கருவிகள் தேவை, சட்டம் எங்கே தடுக்கிறது?

யூடியூபில் 'ரைஃபிள் அசெம்பிளி' என்று தேடிப் பாருங்கள். மேசை மேல் பாகங்களைப் பரப்பி, பக்கத்தில் இருபது முப்பது கைக்கருவிகளை அடுக்கி, இதையெல்லாம் வாங்கிவிட்டால் ஒரே வாரத்தில் துப்பாக்கி தயார் என்று சொல்லும் வீடியோக்கள் வந்து குவியும். பெரும்பாலானவை அமெரிக்காவில் எடுக்கப்பட்டவை. அதைப் பார்த்துவிட்டுத் திருவனந்தபுரத்திலோ நாகர்கோவிலிலோ இருக்கும் ஒருவர், நாமும் செஞ்சு பார்த்தா என்ன என்று பாகங்களைத் தேடத் தொடங்கினால், அந்தத் தேடல் சிறைவாசத்தில் போய் முடியலாம். அதுவும் குறைந்தது 7 ஆண்டுகள்.

அப்படியானால் இந்தியாவில் வீட்டு மேசையில் ரைஃபிளைப் பூட்டுகிறவர்களே இல்லையா? இருக்கிறார்கள். திருவனந்தபுரம் வட்டியூர்க்காவில் 2015 தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக உருவான துப்பாக்கி சுடுதல் தளம் இருக்கிறது. இப்படிப்பட்ட தளங்களில் பயிற்சி பெறும் மாணவர்கள் கையில் ஒரு நீளப் பெட்டியோடு வருவார்கள். உள்ளே 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பகுதி பகுதியாக இருக்கும். காற்று சிலிண்டர் தனி, பின் சைட் தனி, தோளில் பதியும் பட் பிளேட் தனி. அவற்றை மாட்டி, உடம்புக்கு ஏற்றபடி சரிசெய்து, திருகுகளை முறுக்கி, சுட்டு முடித்ததும் கழற்றித் துடைத்து வைப்பது அவர்களின் அன்றாட வேலை. நம் ஊரில் சட்டப்படி நடக்கும் 'ரைஃபிள் அசெம்பிளி' இதுதான். இதற்கு என்ன கருவி வேண்டும், எதைத் தொடக்கூடாது என்பதே இந்தக் கட்டுரை.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது?

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 'ஆயுதம்' என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்தைக் கவனியுங்கள். முழுத் துப்பாக்கி மட்டுமல்லாமல் அதன் பாகங்களும், ஆயுதம் தயாரிக்கும் இயந்திரங்களும்கூட அந்த விளக்கத்துக்குள் வருகின்றன. "நான் துப்பாக்கி வாங்கலையே, ஒரு குழல்தானே வாங்கினேன்" என்ற வாதம் இங்கே எடுபடாது.

அதே சட்டத்தின் 5-ஆம் பிரிவு, உரிமம் இல்லாமல் துப்பாக்கியைத் தயாரிப்பது, விற்பது, வேறொன்றாக மாற்றுவது, பழுதுபார்ப்பது, சோதிப்பது எல்லாவற்றையும் தடுக்கிறது. 'பழுதுபார்ப்பது' என்பது அந்த வரிசையில் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. 6-ஆம் பிரிவு, துப்பாக்கிக் குழலை வெட்டிக் குட்டையாக்குவதையும், பொம்மைத் துப்பாக்கியைச் சுடக்கூடியதாக மாற்றுவதையும் உரிமம் இல்லாமல் செய்யக்கூடாது என்கிறது. உரிமமின்றித் தயாரித்தால் 25-ஆம் பிரிவின் கீழ் முன்பு 3 முதல் 7 ஆண்டு வரை தண்டனை. 2019 டிசம்பரில் வந்த திருத்தம் அதைக் குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் சிறை என்று உயர்த்திவிட்டது.

அமெரிக்காவில் எப்படி முடிகிறது என்று கேட்கலாம். அங்கே துப்பாக்கி வைத்திருக்கத் தடையில்லாத ஒருவர், தன் சொந்தப் பயன்பாட்டுக்காக ஒன்றைச் செய்துகொள்ள மத்தியச் சட்டம் உரிமம் கேட்பதில்லை. சில மாகாணங்கள் மட்டும் கட்டுப்பாடு விதித்துள்ளன. பாதி முடிந்த பாகங்களைப் பெட்டியில் போட்டு விற்கும் தொழில் அந்த இடைவெளியில்தான் வளர்ந்தது. வரிசை எண் இல்லாத இந்தத் துப்பாக்கிகள் குற்ற இடங்களில் கிடைக்கத் தொடங்கியதும், 2022-இல் அந்நாட்டு அரசு இத்தகைய பெட்டிகளையும் துப்பாக்கியாகவே கருத வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் அந்த விதியை ஏற்றுக்கொண்டது. ஆக, நீங்கள் பார்க்கும் பழைய வீடியோக்களில் சில, எடுக்கப்பட்ட ஊரிலேயே இப்போது செல்லுபடியாகாமல் இருக்கலாம்.

ஏர் ரைஃபிளுக்கு உரிமம் வேண்டாமா?

2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் இரண்டு அளவுகோல்கள் வைக்கின்றன. குழலின் துளை 4.5 மில்லிமீட்டருக்கு (0.177 அங்குலம்) மேல் போகக்கூடாது. குழல் வாயில் குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கு மேல் போகக்கூடாது. இந்த எல்லைக்குள் இருக்கும் ஏர் ரைஃபிளுக்குத் துப்பாக்கி உரிமம் தேவையில்லை. தாண்டினால் தேவை.

20 ஜூல் என்பது எவ்வளவு? பள்ளியில் படித்த கணக்குதான்: எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். போட்டிகளில் பயன்படும் ஈயக் குண்டு ஏறத்தாழ 0.53 கிராம். அது நொடிக்கு 175 மீட்டர் வேகத்தில் போனால் 8 ஜூல் வரும். ஒலிம்பிக்கில் சுடப்படும் ரைஃபிள்கள் இந்த அளவில்தான் இருக்கின்றன. அதே குண்டு நொடிக்குச் சுமார் 275 மீட்டரை, அதாவது 900 அடியைத் தொட்டால் 20 ஜூல் ஆகிவிடும்.

விளம்பரங்களில் '1000 அடி வேகம்' என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் அது எடை குறைந்த உலோகக் கலவைக் குண்டை வைத்து எடுத்த அளவாக இருக்கும். 0.35 கிராம் குண்டு அந்த வேகத்தில் போனால் ஏறக்குறைய 16 ஜூல்தான். 0.53 கிராம் ஈயக் குண்டு அதே வேகத்தில் போனால் 24 ஜூலைத் தாண்டும். அதனால் வேகத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எத்தனை ஜூல் என்று பில்லிலோ கையேட்டிலோ எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இங்கேதான் கருவிப் பெட்டியும் சட்டமும் உரசிக்கொள்கின்றன. கடையில் வாங்கும்போது எல்லைக்குள் இருந்த ரைஃபிளில், வேகம் கூட்டுவதற்காக 'பவர் ஸ்ப்ரிங்' மாற்றினால், அந்த நொடியில் அது உரிமம் வேண்டிய ஆயுதமாகிவிடலாம். உங்களிடம் உரிமம் இல்லை. துப்பாக்கியை மாற்றியமைக்க அனுமதியும் இல்லை. ஒரு ஸ்ப்ரிங்குக்கு இவ்வளவு விலையா என்று பிறகு யோசித்துப் பயனில்லை.

இன்னொன்று. உரிமம் தேவையில்லை என்பதால் அதை எங்கும் சுடலாம் என்று பொருளில்லை. பறவையையோ காட்டு விலங்கையோ குறிவைத்தால் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாயும். தென்னந்தோப்பில் அணிலைச் சுட்டேன் என்று பெருமையாக வீடியோ போடுகிறவர்கள் தங்களுக்கு எதிரான சாட்சியத்தைத் தாங்களே பதிவேற்றுகிறார்கள்.

பெட்டியில் இருக்க வேண்டிய முதல் கருவி

எல் கீ. ஆலன் கீ என்றும் சொல்வார்கள். போட்டி ஏர் ரைஃபிளில் நீங்கள் தொட வேண்டிய திருகுகளில் முக்கால்வாசி அறுகோணத் தலை கொண்டவை. வால்தர், ஃபைன்வெர்க்பாவ், ஆன்ஷூட்ஸ் ஆகியவை ஜெர்மன் நிறுவனங்கள், ஸ்டெயர் ஆஸ்திரிய நிறுவனம். எல்லாம் மில்லிமீட்டர் அளவிலேயே திருகு வைக்கின்றன. 2, 2.5, 3, 4, 5 மில்லிமீட்டர் எல் கீக்கள் இருந்தால் பெரும்பாலான வேலை முடிந்துவிடும்.

இதைத் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவிலேயே வாங்கலாம். எழுத்தாளர் ஆ. மாதவன் பாத்திரக்கடை வைத்திருந்த அதே சாலைதான். தமிழில் கேட்டால் தமிழிலேயே பதில் சொல்லும் கடைக்காரர்கள் இன்றும் அங்கே உண்டு. "அண்ணாச்சி, ஒரு எல் கீ செட் குடுங்க" என்று மட்டும் கேட்டால் கையில் கிடைத்ததை எடுத்துக் கொடுப்பார். "மில்லிமீட்டர் செட், முனை மழுங்காத நல்ல ஸ்டீல்ல" என்று சேர்த்துக் கேளுங்கள். நாசிக்கில் தயாராகும் டபாரியா போன்ற நம் ஊர் பிராண்டே போதும். மிக மலிவான செட்டில் என்ன பிரச்சினை என்றால், நாலு தடவை முறுக்கியதும் கீயின் விளிம்பு உருண்டுவிடும். உருண்ட கீ திருகின் தலையையும் உருட்டிவிடும். பிறகு அந்தத் திருகு வெளியே வராது. சில ரூபாய் மிச்சம் பிடிக்கப்போய், லட்சக்கணக்கில் விலையுள்ள ரைஃபிளைப் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கும்.

அங்குல அளவு செட்டும் மில்லிமீட்டர் செட்டும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 1/8 அங்குலம் என்பது 3.175 மில்லிமீட்டர். அந்த அளவுத் திருகில் 3 மில்லிமீட்டர் கீ நுழைந்துவிடும், நுழைவதுதான் ஆபத்து. லேசாக ஆடும், பலம் கொடுத்ததும் நழுவும். அமெரிக்காவில் தயாரான ஸ்கோப் மவுண்ட்களில் அங்குல அளவும், நட்சத்திர வடிவ டார்க்ஸ் தலையும் வரும். திருகில் கீயை வைத்ததும் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் அது உங்கள் கீ இல்லை.

சில கீக்களின் ஒரு முனை உருண்டையாக இருக்கும். சாய்வாக நுழைத்துத் திருப்ப அது வசதி. வேகமாகச் சுற்ற அதை வைத்துக்கொள்ளலாம். கடைசி இறுக்கத்துக்கு மட்டும் நேரான முனை.

திருப்புளியில் என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. வீட்டில் இருக்கும் சாதாரணத் தட்டைத் திருப்புளியை எடுத்து முனையைப் பக்கவாட்டில் பாருங்கள். ஆப்பு மாதிரி சரிந்துகொண்டே போய் நுனியில் மெலிந்திருக்கும். திருகின் தலையில் உள்ள பள்ளமோ இருபக்கமும் நேர்ச்சுவர் கொண்டது. ஆப்பை அதில் வைத்துத் திருப்பினால் முனை மேலே ஏறி வெளியே சறுக்கும். சறுக்கிய முனை கோடு போடுவது திருகில் மட்டுமல்ல. பக்கத்தில் இருக்கும் பாலிஷ் போட்ட உலோகத்திலும்தான்.

துப்பாக்கி வேலைக்கென்று வரும் திருப்புளியின் நுனி இருபக்கமும் குழிவாகச் சாணை பிடிக்கப்பட்டு, முனையில் தடிமன் ஒரே சீராக இருக்கும். அது பள்ளத்தை முழுமையாக நிரப்பும். இதைத் தனியாக வாங்க முடியாவிட்டால், ஒரே கைப்பிடியில் பல முனை மாற்றும் செட்டில் அகலமும் தடிமனும் பொருந்துவதைத் தேர்ந்தெடுங்கள். அகலம் திருகின் தலையைத் தாண்டி நீட்டிக்கொண்டும் இருக்கக்கூடாது. பழைய திருகுகள் கொண்ட ரைஃபிள் வைத்திருப்பவருக்குத்தான் இது அதிகம் உதவும். புதிய போட்டி ரைஃபிளில் தட்டைப் பள்ளத் திருகு அரிதாகிவிட்டது.

எவ்வளவு இறுக்க வேண்டும்?

நம் பட்டறைகளில் ஒரு பழக்கம் உண்டு. "இன்னும் ஒரு சுத்து போடு, கழலாது" என்பார்கள். அந்த இன்னொரு சுற்றில்தான் மரை போகிறது. ரைஃபிள் ஸ்டாக் பல மாடல்களில் அலுமினியம் அல்லது மரம். திருகு எஃகு. போட்டி போட்டால் எஃகுதான் ஜெயிக்கும், மரை பிய்ந்து வரும்.

குறைவாக இறுக்கினாலும் விளைவு உண்டு. 10 மீட்டர் ஏர் ரைஃபிள் இலக்கின் நடுப்புள்ளி வெறும் 0.5 மில்லிமீட்டர். ஒரு வளையத்திலிருந்து அடுத்த வளையத்துக்கு இடைவெளி 2.5 மில்லிமீட்டர். முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே சுமார் 80 சென்டிமீட்டர் இருக்கிறது என்று வையுங்கள். பின் சைட் தன் இடத்தில் 0.1 மில்லிமீட்டர், அதாவது ஒரு தலைமுடியின் தடிமன் அளவு அசைந்தால், இலக்கில் குண்டு 1.25 மில்லிமீட்டர் தள்ளி விழும். அது அரை வளையம். தசமப் புள்ளியில் எண்ணும் போட்டியில் ஒரு குண்டுக்கு 0.5 புள்ளி. திருகு தளர்ந்திருப்பதை உணராத மாணவர், தன் மூச்சிலும் விரலிலும் தவறு இருக்கிறது என்று வாரக்கணக்கில் தன்னையே நொந்துகொண்டிருப்பார்.

இதற்குத்தான் டார்க் ஸ்க்ரூ டிரைவர். குறிப்பிட்ட முறுக்குவிசை வந்ததும் 'கிளிக்' என்று விட்டுக்கொடுக்கும் திருப்புளி. பைக் மெக்கானிக்கிடம் இருக்கும் டார்க் ரெஞ்ச்சை இரவல் வாங்கலாமே என்று தோன்றும். வேண்டாம். அதன் அளவே பல நேரம் 20 நியூட்டன் மீட்டருக்கு மேல்தான் தொடங்கும். உங்களுக்குத் தேவைப்படுவது 1 முதல் 6 நியூட்டன் மீட்டருக்குள். ஸ்கோப் வளையத் திருகு பொதுவாக 2 நியூட்டன் மீட்டர் பக்கம், ஸ்டாக் திருகு அதைவிட அதிகம். சரியான எண் உங்கள் மாடலின் கையேட்டில் இருக்கும். அதை மட்டும் நம்புங்கள். கையேடு அங்குல-பவுண்டில் சொன்னால் 8.85-ஆல் வகுத்தால் நியூட்டன் மீட்டர் வந்துவிடும்.

இந்தப் பட்டியலிலேயே விலை கூடிய கருவி இதுதான். தனியாக வாங்க வேண்டியதில்லை. கிளப்பில் நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கினால் போதும், தினமும் தேவைப்படும் பொருள் இல்லை. ஒருமுறை சரியாக இறுக்கியபின், திருகின் தலையிலிருந்து பக்கத்து உலோகம் வரை நகப்பூச்சால் மெல்லிய கோடு போட்டுவிடுங்கள். கோடு உடைந்திருந்தால் திருகு நகர்ந்திருக்கிறது. திருகு அடிக்கடி தளர்கிறது என்றால் நீல நிற மரை ஒட்டுப் பசை ஒரு துளி போதும். சிவப்பு நிறம் நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ளும் வகை, அது வேண்டாம். ஃபெவிக்விக் பக்கமே போகாதீர்கள்.

கருவி தேவைப்படாத பாகம்

காற்று சிலிண்டர். போட்டி ஏர் ரைஃபிள்களில் இதில் 200 பார் அழுத்தம் வரை காற்று அடைக்கப்படுகிறது. உங்கள் கார் டயரில் இருப்பது 2.2 பார் அளவு. ஏறத்தாழ 90 மடங்கு. சிலிண்டரை மாட்டுவதும் கழற்றுவதும் வெறுங்கையால் செய்ய வேண்டிய வேலை. கையால் திரும்பவில்லை என்றால் உள்ளே அழுத்தம் சிக்கியிருக்கலாம், அல்லது மரை சரியாக விழவில்லை. அப்போது குறடு எடுக்கக்கூடாது. பயிற்சியாளரிடமோ நிறுவனத்தின் சர்வீஸ் ஆளிடமோ கொடுத்துவிட வேண்டும். அழுத்தம் இருக்கும்போது சிலிண்டர் வால்வின் திருகுகளை எந்தக் கீயாலும் தொடக்கூடாது.

எண்ணெய் விஷயத்திலும் இதே கண்டிப்பு. "கொஞ்சம் தேங்காய் எண்ணெய் போடு, ஸ்மூத்தா இருக்கும்" என்று கேரளத்தில் சொல்லாத வீடு கிடையாது. உயர் அழுத்தக் காற்றோடு எண்ணெய் சேர்ந்தால் தீப்பற்றி வெடிக்க வாய்ப்பு உண்டு. காற்றுப் பாதையில் தேங்காய் எண்ணெயும் கூடாது, தையல் மெஷின் எண்ணெயும் கூடாது, துரு நீக்கும் ஸ்ப்ரேயும் கூடாது. ரப்பர் வளையங்களுக்கு நிறுவனம் சொல்லும் சிலிகான் கிரீஸ் மட்டுமே.

ஸ்ப்ரிங் வகை ஏர் ரைஃபிளில் இன்னொரு ஆபத்து. அதற்குள் இருக்கும் பெரிய ஸ்ப்ரிங், சுடாத நிலையிலும் ஓரளவு அமுக்கப்பட்டே இருக்கும். பின்பக்கத்தை வீட்டில் கழற்றினால் அது முகத்துக்கு நேரே பாயும். அதைத் திறக்கத் தனி அமுக்குக் கருவி உண்டு. வீட்டுப் பெட்டிக்கு அது வேண்டியதில்லை. அந்த வேலை சர்வீஸ் சென்டருக்கு உரியது.

உப்புக் காற்று ஊரில் துருவோடு போராட்டம்

சங்குமுகத்தில் வீசும் காற்று வட்டியூர்க்காவு வரை வராது என்று நினைக்க வேண்டாம். திருவனந்தபுரத்தில் ஆண்டு முழுக்க ஈரப்பதம்தான். வியர்த்த கையால் தொட்ட இடத்தில் விரல்ரேகை வடிவிலேயே துரு பிடிக்கும். அதனால் இந்த ஊரில் திருப்புளியைவிட அதிகம் கையிலெடுக்கப்போகும் 'கருவி' ஒரு பருத்தித் துணி. சுட்டு முடித்ததும் குழலின் வெளிப்புறத்தைத் துடைத்து, துரு தடுக்கும் எண்ணெயை மெல்லிய படலமாகத் தடவ வேண்டும். வெளிப்புறம் மட்டும்.

குழலின் உள்ளே சுத்தம் செய்ய எஃகுக் கம்பி வாங்காதீர்கள். குண்டு வெளியேறும் வாயின் விளிம்பில் சிறு கீறல் விழுந்தாலும் குறி கெடும். கம்பளிப் பொருளில் செய்த ஃபெல்ட் துண்டுகளும், அவற்றை இழுக்க நைலான் கயிறும் போதும். குண்டு போடும் பக்கத்திலிருந்து வாய்ப் பக்கமாக இழுக்க வேண்டும், மாற்றி அல்ல.

பெட்டிக்குள் இருக்கும் பஞ்சு மெத்தை ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். ஜூன் மாத மழையில் ரைஃபிளைப் பல நாள் அதற்குள் மூடி வைத்தால், திறக்கும்போது துரு வரவேற்கும். பயணத்துக்கு மட்டும் பெட்டி. வீட்டில் பூட்டிய அலமாரியில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு நிறுத்தி வையுங்கள். கையால் காற்றடிக்கும் பம்ப் வைத்திருந்தால் அதில் ஈரம் வடிகட்டும் அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் இந்த ஊர்க் காற்றோடு தண்ணீரையும் சிலிண்டருக்குள் அடைக்கிறீர்கள்.

மற்றபடி பெட்டியில் சில சில்லறைப் பொருட்கள்: கீழே விழும் திருகு உருண்டோடாமல் இருக்கக் காந்தத் தட்டு, மேசை மேல் விரிக்க ரப்பர் விரிப்பு, வைஸில் பிடிப்பதாக இருந்தால் தாடைகளுக்குத் தோல் உறை. கழற்றும் முன் ஒவ்வொரு கட்டத்தையும் மொபைலில் போட்டோ எடுங்கள். காசே ஆகாத கருவி அது. சுத்தியல், அரம், ஹேக்ஸா, டிரில் ஆகியவற்றுக்கு இந்த மேசையில் வேலை இல்லை. அவற்றை எடுக்கத் தோன்றும் கணத்தில் நீங்கள் பராமரிப்பைத் தாண்டி மாற்றியமைக்கப் போகிறீர்கள் என்று அர்த்தம்.

போட்டி நாளில் என்ன ஆகும்?

2021 ஜூலை 25 அன்று டோக்கியோ ஒலிம்பிக்கில் மகளிர் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்று. மனு பாக்கர் சுட்டுக்கொண்டிருக்கும்போதே அவரது பிஸ்டலின் காக்கிங் லீவர் உடைந்தது. சரிசெய்யப் போய் வருவதில் விலைமதிப்பற்ற நிமிடங்கள் கரைந்தன. 575 புள்ளிகளோடு 12-ஆம் இடம். இறுதிச் சுற்று கைநழுவியது. 2017-இல் இதே திருவனந்தபுரத்தில் நடந்த தேசிய சாம்பியன்ஷிப்பில் 9 தங்கம் அள்ளியவர் அவர். மூன்று ஆண்டு கழித்துப் பாரிஸில் இரண்டு வெண்கலம் வென்றார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அவ்வளவு பெரிய குழுவோடு போனவருக்கே ஒரு சிறு பாகம் காலை வாரியது. மாவட்டப் போட்டிக்குத் தனியாகப் பஸ் ஏறும் மாணவருக்குச் சொல்ல வேண்டுமா? அன்றைக்குத் தேவைப்படும் கருவிகள் மூன்றுதான்: உங்கள் ரைஃபிளின் எல்லாத் திருகுக்கும் பொருந்தும் எல் கீக்கள், சிலிண்டருக்கான மாற்று ரப்பர் வளையங்கள், ஒரு துணி. எந்தத் திருகுக்கு எந்தக் கீ என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மூடியின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள். பதற்றத்தில் 2.5-க்கும் 3-க்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் என்ன செய்யலாம்?

கேரளத்தின் மலையோர ஊர்களில் இது நடைமுறைக் கேள்வி. விளைநிலத்தை நாசமாக்கும் காட்டுப்பன்றிகளைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை 2022-இல் மாநில அரசு உள்ளாட்சி அமைப்புகளுக்குக் கொடுத்தது. சுடுவது உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருப்பவர்கள். பீரோவில் தூங்கிய பழைய துப்பாக்கிகள் பல இப்படி மறுபடி வெளியே வந்தன.

அவர்களுக்கும் கோடு அதேதான். கையேட்டில் சொன்ன அளவுக்குக் கழற்றித் துடைப்பது, எண்ணெய் போடுவது உரிமையாளரின் வேலை. விசை சரியாக விழவில்லை, குழலில் விரிசல் தெரிகிறது, பூட்டு ஆடுகிறது என்றால் பழுதுபார்க்க உரிமம் பெற்ற ஆயுத டீலரிடம்தான் கொண்டுபோக வேண்டும். பக்கத்து லேத் பட்டறைக்காரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அவரிடம் கொடுத்தால் மாட்டிக்கொள்வது அவர்தான். தெரிந்தவர், அக்கம்பக்கத்தார் என்று யோசிக்காமல் இதைச் செய்துவிடுகிறார்கள். வழக்கு வந்தால் குடும்பத்தோடு அலைய வேண்டியவர் அந்தப் பட்டறைக்காரர்.

தேர்தல் நேரத்தில் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வரும். வாரக்கணக்கில் வேறொரு அறையில் ஈரக் காற்றில் இருக்கப்போகிறது. கொடுப்பதற்கு முந்தைய நாள் உலோகப் பகுதிகளுக்கு வழக்கத்தைவிடக் கெட்டியாகத் துரு தடுப்பு எண்ணெய் பூசிவிடுங்கள். திரும்ப வந்ததும் குழலுக்குள் அந்த எண்ணெய் மிச்சமில்லாமல் துடைத்த பிறகுதான் பயன்படுத்த வேண்டும்.

பழைய ரைஃபிள் வாங்கும்போது

புது இறக்குமதி ரைஃபிளின் விலை பல குடும்பங்களுக்கு எட்டாது. அதனால் மூத்த வீரர்களிடமிருந்து கைமாறும் ரைஃபிள்தான் பெரும்பாலான மாணவர்களின் முதல் ரைஃபிள். வெளிநாட்டுத் தளத்திலிருந்து நேராக ஆர்டர் போடலாம் என்று நினைத்தால், ரைஃபிளோ உதிரிபாகமோ, முதலில் உங்கள் கிளப்பிடமும் மாநில ரைஃபிள் சங்கத்திடமும் கேளுங்கள். இல்லாவிட்டால் பொருள் கஸ்டம்ஸில் நிற்கும், நீங்கள் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

கைமாறும் ரைஃபிளைப் பார்க்கப் போகும்போது எல் கீ செட்டை எடுத்துப் போங்கள். ஒவ்வொரு திருகிலும் வைத்துப் பாருங்கள். தலை உருண்டிருந்தால் முந்தையவர் எப்படிப் பராமரித்தார் என்பதை அதுவே சொல்லிவிடும். குழல் வாயை டார்ச் அடித்துப் பாருங்கள். வரிசை எண் பில்லோடு பொருந்துகிறதா என்று சரிபாருங்கள். கடைசியாகச் சிலிண்டரைக் கழற்றி அதில் பொறித்திருக்கும் தயாரிப்புத் தேதியைப் படியுங்கள். சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பின் விதிப்படி சிலிண்டரின் ஆயுள் அதிகபட்சம் 10 ஆண்டுகள். 2016-இல் தயாரான சிலிண்டரோடு 2026-இல் ஒரு ரைஃபிள் விலைக்கு வந்தால், பளபளவென்று புதிது மாதிரி இருந்தாலும், புதுச் சிலிண்டரின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.